காரம் தெரியுதா

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த புதிதில் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டால் எப்படி இருக்கும் என்று வேல்ராஜ் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தது உண்டு. நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அவர் மகள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டாள், தலைமுடி நெற்றியிலிருந்து பின்வாங்கி உச்சிவரை போய்விட்டது, முனைவர் மட்டும் வந்து சேரவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் அவர் சமூகவியல் நடத்துகிறார். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குச் சமூகவியல் என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்வதற்காக ஒதுக்கப்பட்ட நேரம். அது வேல்ராஜுக்கும் தெரியும். யாரும் திடுக்கிட்டு விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தியே பாடம் நடத்துவார்.

அவருடைய ஆராய்ச்சி, குருவிகுளம் பக்கத்து மானாவாரி ஊர்களில் பாம்பு கடித்தவர்களை ஏன் தாமதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது. ஒருநாள் வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் விழித்திருந்தது அவள் ஒருத்திதான்.

"சார், எங்க அப்பா பாம்பு கடிச்சுத்தான் செத்தாரு. போன வருசம். எங்க ஊருக்கும் போங்க சார்."

அவள் பெயர் பொன்செல்வி. முதலாமாண்டு. ஊர் குருவிகுளத்துக்குப் பக்கத்தில், பஸ் ஏறினால் ஒரு தூக்கத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் ஹாஸ்டலில்தான் இருந்தாள்.

வகுப்பு முடிந்து வராண்டாவில் வந்து நின்றாள். "எங்க அம்மாட்ட கேளுங்க சார். ஏன் ஒடனே கூட்டிட்டுப் போகலன்னு கேளுங்க. நான் 108க்கு போன் பண்ணுதேன்னு சொன்னேன். வேண்டாம்ட்டின்னு சொன்னது அவதான். மிளகாயக் கடிக்கக் குடுத்தா. காரமா இருக்குன்னு அப்பா சொல்லிட்டாரு. அப்ப ஒண்ணும் இல்ல, படுங்கன்னுட்டா."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பாம்பு கடித்தவருக்குப் பச்சை மிளகாயைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை. காரம் தெரியாவிட்டால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மிளகாய்க்கும் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று வேல்ராஜ் தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். அதைப் படிக்க வேண்டியவர்கள் யாரும் ஆய்வேடு படிப்பவர்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

"அம்மாட்ட நீயே கேக்கலையா மக்கா?"

"நான் அவகூட பேசுததில்ல சார்."

பிள்ளையின் முகத்தில் அழுகை இல்லை. அதுதான் வேல்ராஜுக்கு என்னவோ செய்தது. சனிக்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பொன்செல்வியின் அம்மா அன்னக்கிளி களத்துமேட்டில் மக்காச்சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். மகளின் கல்லூரி சார் என்று தெரிந்ததும் பதறி எழுந்து, முந்தானையால் ஒரு சாக்கைத் தட்டி விரித்து உட்காரச் சொன்னாள். வேல்ராஜ் உட்கார்ந்தார். கேள்வித்தாளை எடுத்தார். கடிபட்டவர் பெயர், வயது, கடித்த இடம், கடித்த நேரம். பேச்சிராஜா, நாற்பத்தஞ்சு, சோளக்காட்டு வரப்பு, விளக்கு வைக்கிற நேரம். எல்லாம் சரியாக வந்தது. பத்தாவது கேள்வி வந்தது.

"ஒடனே ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கேட்டுவிட்டு, தாளில் இருந்த விடைகளையும் வாசித்தார். "அறியாமை, மூடநம்பிக்கை, வாகன வசதி இல்ல, அலட்சியம். இதுல ஏதாவது ஒண்ணு."

அன்னக்கிளி கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இதுல எதப் போட்டா உங்களுக்குச் சவுரியம் சார்?"

"எனக்குச் சவுரியம் பாக்கக் கூடாதுக்கா. உங்களுக்கு எது சரின்னு படுதோ அது."

"அறியாமைன்னு போட்டுக்கோங்க. எங்க கொழுந்தமாருவ வேற ஒண்ணு சொல்லுதாவ, அது இதுல இல்ல." அடுத்த கதிரை எடுத்துக்கொண்டே, "மிளகா குடுத்துப் புருசனக் கொன்னவன்னு" என்றாள்.

வேல்ராஜ் 'அ' என்ற கட்டத்தில் குறி போட்டார். எழுந்து செருப்பை மாட்டும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சார், எம் பிள்ள நேரத்துக்குச் சாப்பிடுதாளா?"

அது கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. அவருக்குப் பதிலும் தெரியவில்லை. "சாப்பிடுதா, சாப்பிடுதா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவருடைய நெறியாளர் பிரேமலதா. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், சொந்த ஊர் இதே சங்கரன்கோவில், பள்ளியில் வேல்ராஜுக்கு இளையவர். ஒருகாலத்தில் வேல்ராஜின் சைக்கிளுக்கு முன்னால் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுத பிள்ளை. இன்று அவர் மேடம் என்கிறார், அந்த அம்மாள் அண்ணாச்சி என்கிறார். கல்லூரிக்குள் வைத்துத் திட்டினால் வேல்ராஜுக்குக் கௌரவக் குறைச்சல் என்று, ஊருக்கு வரும்போது கோயில் வாசல் டீக்கடையில் வைத்துத் திட்டுவது வழக்கம். டீ மாஸ்டர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்டால் பரவாயில்லை.

"அண்ணாச்சி, நீங்க கேட்ட எல்லாருமே அறியாமைன்னு சொல்லியிருக்காங்களே?"

"ஆமா மேடம். முடிவு ரொம்பத் தெளிவா இருக்கு."

"தெளிவா இருக்கதுதான் பயமா இருக்கு. புருசன் செத்த வீட்டுல போயி, நீ முட்டாளா, சோம்பேறியான்னு கேட்டிருக்கீங்க. அவங்களும் பாவம், வந்த மனுசனுக்காக முட்டாள்னு ஒத்துக்கிட்டாங்க. இது ஆராய்ச்சி இல்ல அண்ணாச்சி. திட்டிட்டு ரசீது வாங்கிட்டு வந்திருக்கீங்க."

வேல்ராஜ் டீயை ஊதினார். ஊத வேண்டிய சூடு அதில் இல்லை.

"யோசனையில நிலை நிலையா இருக்கு" என்று பிரேமலதா கோபுரத்தைக் காட்டினார். "அந்தக் கோபுரம் மாதிரின்னு வச்சிக்கோங்களேன். என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, இதெல்லாம் அடி நிலை. ஞாபகம் இருந்தாப் போதும். அதுக்கு மேல ஏறுனா, நடந்தது அவங்களுக்கு என்னவாத் தெரிஞ்சுது. இன்னும் மேல போனா, அன்னிக்கு அவங்க வீட்டுல இருந்த மத்த விசயத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு, எத எதுகூட வச்சு எடை போட்டாங்க, ஏன் ஒரு பக்கம் தாழ்ந்துச்சு. உச்சியில ஒரே கேள்விதான். இப்படி இல்லாம வேற மாதிரி நடந்திருக்கணும்னா என்னத்தப் புதுசா உண்டாக்கணும்? நீங்க இன்னும் செருப்புக்கு டோக்கன் வாங்குத இடத்துலயே நிக்கீங்க."

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். வேல்ராஜும் சிரித்தார், சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

"உங்க கேள்விக்குப் பதில் சொல்லுதவங்க யோசிக்க வேண்டாம். கேக்குத நீங்களும் யோசிக்கல. ரெண்டு பேருமே யோசிக்காம ஒரு முனைவர் பட்டம் வந்துரும்."

"வந்தாச் சரிதான் மேடம்" என்று வாய்வரை வந்ததை வேல்ராஜ் விழுங்கினார்.

போகும்போது பிரேமலதா குரல் மாறிச் சொன்னார். "ஒண்ணு அண்ணாச்சி. மேல ஏறுனா தல சுத்தும். பதில் சொல்லுதவங்களுக்கு இல்ல, கேக்குத ஆளுக்கு. பாத்து ஏறுங்க."

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் புதிய கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டே போனார். இறங்கியபோது எல்லாம் மறந்திருந்தது. ஆடுகள் இரண்டு பஸ்ஸுக்கு முன்னால் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தன. மனிதன் படித்துப் படித்து இப்படி ஆகிவிடுகிறான் என்று அவை நினைத்திருக்கலாம்.

அன்னக்கிளி மறுபடியும் சாக்கு விரித்தாள். "இன்னொரு தாளா சார்?"

"தாள் இல்லக்கா. போன தடவ நான் கேட்டது சரியில்ல. மனசுல வச்சுக்கிடாதீங்க." எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவரும் ஒரு கதிரை எடுத்து உரித்தார். தோகை கையைக் கிழித்தது. "அன்னிக்குச் சாயந்தரம் உங்க ரெண்டு பேருக்கும் என்னென்ன கவல இருந்துச்சுக்கா? பாம்பத் தவிர."

அவள் கை நின்றுவிட்டது.

"பாம்பத் தவிரவா?"

"ஆமா."

"இது வரைக்கும் யாரும் அப்படிக் கேக்கல சார். போலீசு கேட்டாவ, டாக்டரு கேட்டாரு, அவரு தம்பிமாரு கேட்டாவ. எல்லாரும் பாம்பத்தான் கேட்டாவ." கதிரைக் கீழே வைத்தாள். "மறுநா காலைல பிள்ளைக்குத் திருநேலில அட்மிஷன். கடைசி நாளு. தாய் தகப்பன் ஒரு ஆள் கையெழுத்துக்கு வரணும்னு சொல்லியிருந்தாவ. மொத பஸ்ஸுக்குப் போகணும். நான் பிள்ளையோட போறது, அவரு ஆட்டையும் சோளத்தையும் பாத்துக்கிடுததுன்னு பேச்சு. பன்னி வந்து சோளத்த எல்லாம் உழுது போட்டுட்டு இருந்துச்சு அப்போ."

வேல்ராஜ் இன்னொரு கதிரை எடுத்தார். அடுத்த கேள்விக்கான பதில் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

"வரப்புல கடிச்சிட்டுன்னு வந்து நின்னாரு. பெருசா வலி இல்லன்னாரு. வீக்கமும் இல்ல. தண்ணிப்பாம்பா இருக்கும்னாரு. நான் மிளகாய எடுத்துட்டு வந்தேன். அந்த மனுசன் சார், கொழம்புல ஒரு மிளகா தட்டுப்பட்டாலே ஊரக் கூட்டுவாரு. தண்ணி தண்ணின்னு குதிப்பாரு. பிள்ளையும் நானும் சிரிப்போம்." அவள் உதட்டில் அந்தச் சிரிப்பு ஒரு நொடி வந்து போனது. "அன்னிக்கு முழு மிளகாய மென்னு முழுங்கினாரு. காரம் தெரியுதான்னு கேட்டேன். தெரியுது, நல்லாத் தெரியுதுன்னாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் பாத்தத அவரும் பாத்தாரு. அந்தப் பக்கம் பிள்ள பைக்குள்ள சர்டிபிகேட்ட அடுக்கிக்கிட்டு இருக்கா. ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கிடல. விடியட்டும், பிள்ளைய அனுப்பிட்டுப் பாப்போம்னு அவரு நெனச்சிருப்பாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். விடியுததுக்குள்ள இமை ரெண்டும் தூக்க முடியாமப் போச்சு. வண்டி வரும்போது மூச்சு இல்ல. அந்தச் சீட்டும் போச்சு, பெறவுதான் உங்க காலேஜு."

வேல்ராஜ் கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தார். தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலை எடுத்து நீட்டினார்.

"அக்கா, மிளகாய வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. விஷம் இருந்தாலும் காரம் தெரியும், பயத்துல நாக்கு வறண்டா விஷம் இல்லன்னாலும் தெரியாது. மிளகா ஒண்ணும் சொல்லாதுக்கா."

"மிளகா சொல்லாது சார். அவரு சொன்னாருல்லா."

வேல்ராஜ் இரண்டாம் இயலை மூடிவைத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"பிள்ளைட்ட இத ஏன் சொல்லல?"

"சொன்னா? தனக்காகத்தான் அப்பா செத்தாருன்னு படிப்ப விட்டுட்டு வந்து உக்காந்துருவா. இப்ப என்ன, எம்மேல கோவமா இருக்கா. இருந்துட்டுப் போறா. கோவத்துல படிச்சிருவா சார். அவ அவளையே வெறுத்துட்டா நான் என்ன செய்ய?" அவள் முதன்முறையாக அவர் கையைப் பிடித்தாள். சோளத்தூசி படிந்த கை. "எழுதிராதீங்க. அவகிட்ட சொல்லிராதீங்க. அறியாமைன்னே இருக்கட்டும்."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றார் வேல்ராஜ்.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்குத் தலை சுற்றியது. வெயில் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

திங்கட்கிழமை பொன்செல்வி வராண்டாவிலேயே காத்திருந்தாள்.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த தந்திரத்தை வேல்ராஜ் வெளியே எடுத்தார். நடந்ததைப் பற்றிப் பேசினால்தானே ஆபத்து? நடக்கப்போவதைப் பற்றிப் பேசிவிட்டால் பத்திரம். உச்சி நிலைக் கேள்வியில் யாருடைய பெயரும் வராது. தன் சாமர்த்தியம் அவருக்கே பிடித்திருந்தது.

"கேள்வியே தப்பு மக்கா. ஏன் போகலன்னு கேட்டா, யாரையாவது புடிச்சுக் குடுத்தாத்தான் அந்தக் கேள்வி அடங்கும். வேற மாதிரி யோசி. நாளைக்கு உங்க ஊர்ல இன்னொருத்தருக்குக் கடிக்கின்னு வச்சுக்கோ. என்ன இருந்தா அவரு எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லாம வண்டியில ஏறுவாரு? நீ நர்சிங் படிக்க. நீ சொல்லு."

பொன்செல்வி எரிச்சலோடுதான் ஆரம்பித்தாள். "வண்டி வேணும். அது போன் பண்ணா வருது சார். ஆஸ்பத்திரியில ஊசி இருக்கணும். அதுவும் இருக்கு. மிளகா வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிக் குடுக்கணும்."

"அது தெரிஞ்சும் ஏறாதவங்க இருக்காங்களே?"

"ஆட்டப் பாக்க ஆள் வேணும். காட்டுக்குக் காவல் வேணும். எங்க ஊர்ல யாரும் சும்மா போயிப் படுத்துக்க மாட்டாவ சார். மறுநா சோலி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா, அதப் பாக்க இன்னொரு ஆள் இருக்கணும். கூடப் போக ஒரு ஆள், சோலியப் பாக்க ஒரு ஆள். அப்படி இருந்தா..."

அவள் நிறுத்தினாள்.

கீழே மைதானத்தில் யாரோ பக்கெட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கேள்வியை வேல்ராஜ்தான் கொடுத்தார். அது ஏறி எங்கே போய் நிற்கும் என்று பார்க்கவில்லை.

"சார். மறுநா எனக்கு அட்மிஷன்."

அவர் வராண்டாத் தூணைப் பார்த்தார்.

"அப்பா மிளகாயக் கடிச்சிட்டு என்னப் பாத்தாரு சார். ஏன் பாக்காருன்னு நெனச்சேன். சர்டிபிகேட் எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு இருந்ததால ஒண்ணும் கேக்கல. அவரு குதிக்கவே இல்ல." சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"அத நான் சொல்லக் கூடாது மக்கா. வாக்குக் குடுத்திருக்கேன்."

சொல்லக் கூடாது என்று சொன்னதே சொன்னதாகிவிட்டது என்பது, வாயை மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய ஆராய்ச்சித் திறமையின் சிகரம் அது.

பொன்செல்வி தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடமாக வராத அழுகை, சத்தமில்லாமல் வந்தது. வேல்ராஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வழியாக வந்த ஆபீஸ் உதவியாளர் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிப் போனார்.

"அப்ப என்னாலதானே சார்?"

"இல்ல." இதை மட்டும் அவர் யோசிக்காமல் சொன்னார். "யாரும் உனக்காகச் சாகணும்னு நெனைக்கல. விடியட்டும்னுதான் நெனச்சாங்க. விடியுததுக்குள்ள இப்படி ஆகும்னு யாருக்கும் தெரியாது. வலி இல்ல, வீக்கம் இல்ல. அந்தக் கடிதான் ரொம்ப மோசம்னு இன்னும் ரெண்டு வருசத்துல நீ அடுத்தவங்களுக்குச் சொல்லுவ. அன்னிக்கு உங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது."

"அம்மா ஏன் சார் சொல்லல? நான் என்னவெல்லாம் பேசிட்டேன்."

"நீ படிப்ப விட்டுருவன்னு பயம்."

"விட்டுருதேனான்னு அவ என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். நம்ம வீடுகள்ல யாரும் யாருட்டயும் அதக் கேக்குததில்ல. எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தாள். "விட மாட்டேன் சார்" என்றாள், அவரிடம் சொல்வதுபோல் இல்லாமல். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்ன சார் கேக்க? எங்கேருந்து ஆரம்பிக்க?"

வேல்ராஜ் யோசித்தார். எல்லா நிலைகளும் ஒவ்வொன்றாக மனதில் வந்து போயின. ஏன் மறைத்தாய், எதை எதோடு எடைபோட்டாய், வேறு எப்படி நடந்திருக்கலாம். எல்லாம் நல்ல கேள்விகள். பிரேமலதா மேடம் மெச்சுவார். அந்தப் பிள்ளையின் கையில் அவற்றில் ஒன்றையும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சோளத்தூசி படிந்த கை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று அன்னக்கிளி கேட்டதற்கு அவர் பொய் சொல்லியிருந்தார்.

"சாப்பிட்டியான்னு கேளு."

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான்."

அவள் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது தூணுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. எடுத்துவிட்டார்கள் என்பது அவள் முதுகு நிமிர்ந்ததில் தெரிந்தது.

"எம்மா. நான்தான்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

பொன்செல்வி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "ம்" என்றாள். பிறகு, "நானா? இன்னும் இல்லம்மா. சாப்பிடணும்" என்றாள்.

ஆராய்ச்சி முறையில் பதில் சொல்கிறவர் திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. அது பிழை என்று வேல்ராஜே வகுப்பில் நடத்தியிருக்கிறார். எழுந்து வேட்டி மடிப்பில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் ஏற்கெனவே தூங்க ஆரம்பித்திருந்தார்கள். குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.